மடிக்கணினியிற் குறுக்கீட்டுப் பங்கீடு: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் முறைவழியாக்கி தனக்கிட்ட கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிச் செல்வது. வெளியுலகமோ அந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதன்று. விசைப்பலகையில் ஒரு விசை எப்போது அழுத்தப்படும், தொலைபேசிக் கம்பி வழியே ஓர் எழுத்து எப்போது வந்து சேரும், சுழலும் தட்டிலே வேண்டிய பகுதி எப்போது தலைப்புக்கு நேரே வரும் என்பன முறைவழியாக்கி முன்னறிய முடியாதவை. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நீர்ப்பங்கீடு பார்க்கும் வட்டவிதானையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அவர் வாய்க்கால் வாய்க்காலாகச் சென்று ஒவ்வொரு வயலையும் பார்த்து வரலாம். அல்லது நீர் குன்றிய வயற்காரர் தாமே வந்து முறையிடும்வரை தம் வேலையைப் பார்த்திருக்கலாம். முன்னைய வழி கணினியில் வினவல் எனப்படும். பின்னையது குறுக்கீடு எனப்படும். முறையீடு வந்தபோது அது எந்த வயலிலிருந்து வந்தது என்பது ஐயமறத் தெரிய வேண்டும். மடிக்கணினியிற் செருகும் அட்டைகளைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறியியலாளரை அலைக்கழித்தது இச்சிறிய தேவையே.

குறுக்கீடு என்னும் எண்ணம் மடிக்கணினிக்கு மிக முற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகம் 1954இல் முடித்த டைசியாக் என்னும் பொறியிலே உள்ளீட்டு வெளியீட்டுக் கருவிகள் நடந்துகொண்டிருக்கும் செய்நிரலை இடைமறிக்கும் வசதி இருந்தது. யூனிவாக் 1103ஏ என்னும் பொறியும் விரைவில் அதனைப் பெற்றது. ஐரோப்பாவில் இவ்வெண்ணம் வேரூன்றிய வரலாறு சுவையானது. அம்ஸ்ரடாமிலே எக்ஸ் 1 என்னும் கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த பிராம் லூப்ஸ்ரா, கரல் ஸ்கோல்ரன் ஆகிய இருவரும் 1957 அளவில் குறுக்கீட்டை அதிற் சேர்க்க விரும்பினர். அப்பொறிக்குச் செய்நிரல் எழுதவிருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ரா அதைக் கேட்டுத் திகைத்துப் போனார். முடிவைத் தம்மால் இயன்றவரை தாமதப்படுத்தினார். ஒரே செய்நிரலை இருமுறை ஓட்டினால் இருமுறையும் ஒரே வழியிற் செல்லும் என்னும் உறுதி, குறுக்கீடு வந்தவுடன் அற்றுப்போகும் என்பதே அவர் அச்சம். ஒருமுறை தோன்றி மறுமுறை மறையும் பிழையை எங்ஙனம் தேடிப் பிடிப்பது? ஈற்றில் அவர் இணங்கினார். அதனைக் கையாளும் முறைகளையே 1959இல் தம் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். ஆயினும் அவர் அஞ்சியது வீணன்று. மடிக்கணினி அட்டைகளோடு மல்லாடியவர்கள் அனைவரும் அவ்வச்சத்தின் பொருளைத் தம் கண்ணாலே கண்டனர்.

இன்றைய மடிக்கணினியின் குலமுதல் 1981 ஓகஸ்ட் 12இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினி. அதிலே இன்ரெல் 8259ஏ என்னும் சில்லு ஒன்று குறுக்கீடுகளை ஏற்றது. எட்டுக் கம்பிகள், 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்கள். நேரமானிக்கு 0, விசைப்பலகைக்கு 1, தொடர்வாய்களுக்கு 4உம் 3உம், நெகிழ்தட்டுக்கு 6, அச்சுப்பொறிக்கு 7 என அவை அப்போதே பங்கிடப்பட்டுவிட்டன. 1984இல் வந்த ஏ.ரி. என்னும் கணினியில் இரண்டாவது 8259ஏ சில்லொன்று சேர்க்கப்பட்டது. அது முதற் சில்லின் 2ஆம் கம்பியூடாகத் தொடுக்கப்பட்டமையால், பதினாறில் ஒன்று போகப் பதினைந்து எஞ்சின. அப்பதினைந்திலும் நாட்காட்டிக் கடிகாரம் 8ஐயும், கணிதத் துணைச்சில்லு 13ஐயும், வன்தட்டு 14ஐயும் எடுத்துக்கொண்டன. பிற்காலத்திலே சுட்டி 12ஐயும், இரண்டாவது தட்டுத்தொகுதி 15ஐயும் எடுத்தன. ஒலியட்டை பெரும்பாலும் 5இல் அமர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து கணக்கெடுத்தால் 9, 10, 11 ஆகிய மூன்றே உரிமையாளரின்றிக் கிடந்திருக்கும். இந்த மூன்று என்னும் எண்ணை மனத்திற் கொள்வது நன்று.

இலக்கம் குறைவாயின் இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாகாதா என்று கேட்கலாம். ஐ.பி.எம். வகுத்த பாட்டையிலே அது இயலாது. காரணம் மின்னியல் சார்ந்தது. அப்பாட்டையில் கம்பியின் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் அந்த விளிம்பே முறையீடாகக் கொள்ளப்பட்டது. முதல் அட்டை கம்பியை உயர்த்திப் பிடித்திருக்கும்போது இரண்டாம் அட்டையும் உயர்த்தினால், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் கம்பியில் புதிய விளிம்பு தோன்றாது. இரண்டாவதன் முறையீடு எவர் செவியிலும் விழாது. அன்றியும், ஓர் அட்டை கம்பியைத் தாழ்வில் வலிந்து பிடித்திருக்க மற்றையது உயர்வுக்கு இழுத்தால் இரு சில்லுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஆதலின் ஓர் அட்டைக்கு ஓர் இலக்கம் என்பது விதியாயிற்று. ஐ.பி.எம். 1987இல் மைக்ரோ சனல் என்னும் புதிய பாட்டையிலே கம்பியின் நிலையையே முறையீடாகக் கொண்டு பகிர்வுக்கு இடந்தந்தது. எனினும் அப்பாட்டை பிற உற்பத்தியாளரிடையே பரவவில்லை. மேசைக்கணினிக்காரர் அட்டைமீதிருந்த ஜம்பர் என்னும் சிறு உலோகத் தொடுப்பை விரலாற் பிடுங்கி வேறோர் ஊசியில் மாட்டி இலக்கத்தை மாற்றிக்கொண்டனர். என்.ஈ. 2000 என்னும் புகழ்பெற்ற வலையமைப்பு அட்டை 3ஆம் இலக்கத்தோடு வந்து இரண்டாம் தொடர்வாயோடு மோதியது; ஜம்பரை மாற்றியவுடன் பிணக்குத் தீர்ந்தது. பெட்டியைத் திறக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய தொல்லையன்று.

மடிக்கணினியோ பெட்டியைத் திறந்து பார்க்கும் பொருளன்று. அதற்கென வேறோர் அட்டை பிறந்தது. 1989இல் அமைந்த பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்னும் சங்கம் யப்பானிய மின்னணுத் தொழிற் சங்கத்தாரோடு இணைந்து 1990இல் தன் முதல் நியமத்தை வெளியிட்டது. 85.6 மில்லிமீற்றர் நீளம், 54 மில்லிமீற்றர் அகலம், 68 ஊசித்துளைகள்: ஏறத்தாழ வங்கி அட்டையின் பரப்பு. முதல் நியமம் நினைவக அட்டைகளை மட்டுமே கருதியது. நினைவகம் முறையிடுவதில்லை, கேட்டதைக் கொடுப்பதே அதன் தொழில். ஆகவே அந்நியமத்திலே குறுக்கீட்டுக்கென ஊசி எதுவுமில்லை. 1991இல் வந்த இரண்டாம் நியமம் மொடெம், வலையமைப்பு முதலிய அட்டைகளையும் ஏற்றபோது, நினைவக அட்டையில் ‘ஆயத்தம்’ என்று அறிவித்த 16ஆம் ஊசிக்கே குறுக்கீட்டுப் பணியையும் சுமத்தினர். புதிதாகக் கட்டாமற் பழைய வீட்டுக்கே ஒரு பத்தி இறக்கியமை போன்றதே இது. ஏ.ரி. பாட்டையின் அட்டைக்குப் பல குறுக்கீட்டுக் கம்பிகள் எட்டின. மடிக்கணினி அட்டைக்கோ ஒரே ஊசி. தன் இலக்கம் யாதென அட்டை அறியாது. ‘முறையிடுகிறேன்’ என்று மட்டுமே அது சொல்லும். எந்த இலக்கத்தின் பேரில் அம்முறையீட்டைப் பதிய வேண்டும் என்பதைச் செருகுவாய்க்கும் பாட்டைக்கும் இடையே நிற்கும் பாலச்சில்லே தீர்மானிக்கும்.

இன்ரெல் 82365எஸ்.எல். என்பது அப்பாலச்சில்லுகளுள் முன்னோடி. சேர்க்கஸ் லொஜிக் முதலியோரின் சில்லுகள் அதனை ஒட்டியே அமைந்தன. அதன் பதிவகமொன்றில் நான்கு துணுக்குகளை நிரப்பினால் 3, 4, 5, 7, 9, 10, 11, 12, 14, 15 என்னும் பத்து இலக்கங்களுள் ஒன்றை அட்டைக்கு வகுக்கலாம். ஜம்பரை விரலாற் பிடுங்கிய வேலை இப்போது மென்பொருளின் வேலையாயிற்று. அட்டையும் தன்னைப் பற்றிய விவரத்தைத் தன்னுள்ளேயே ஓர் அட்டவணையாகச் சுமந்து வந்தது: தான் மொடெமா வலையமைப்பா, எத்தகைய முகவரிகள் வேண்டும், எந்தெந்தக் குறுக்கீட்டிலக்கம் தனக்கு ஏற்கும் என்பன எல்லாம் அதிலுண்டு. மென்பொருள் அதை வாசித்து, வெறுமையான இலக்கமொன்றைத் தேர்ந்து, பாலச்சில்லிற் பதிந்து, பின்னரே அட்டையை விழிக்கச் செய்ய வேண்டும். எழுதப்பட்ட திட்டம் என்ற அளவில் இது குறைகூறற்கரியது.

குறை நடைமுறையில் இருந்தது. பாலச்சில்லின் பத்து ஊசிகளிலிருந்தும் குறுக்கீட்டுச் சில்லுக்குப் பத்துக் கம்பிகள் செல்ல வேண்டும். மடிக்கணினியின் தாய்ப்பலகை நெருக்கமானது. கம்பியொன்று குறைந்தால் இடமும் செலவும் மிஞ்சும். உற்பத்தியாளர் பலர் சில கம்பிகளை இழுக்காமலே விட்டனர். எவை இழுக்கப்பட்டன என்பதை அவர்கள் எங்கும் வெளியிடவுமில்லை. அக்கணினியோடு தாம் விற்ற மென்பொருளுக்கு மட்டும் தெரிந்தாற் போதுமென்று இருந்துவிட்டனர். ஆகவே வேறு மென்பொருளொன்று 10ஆம் இலக்கத்தைத் தேர்ந்து பதிவகத்தில் எழுதினால், பதிவகம் அதை ஏற்கும், மீள வாசித்தாலும் 10 என்றே காட்டும், அட்டையும் முறையிடும், முறையீடோ அறுந்த கம்பியின் நுனியில் நின்றுவிடும். வலையமைப்பு அட்டையின் விளக்கு எரியும், ஒரு செய்தி தானும் வந்து சேராது. எல்லா ஏடுகளிலும் எல்லாம் சரியென்றே இருக்கும். இக்காலப்பகுதியின் மிகப் பெரிய பழி அட்டை செய்தவரையோ மென்பொருள் எழுதியவரையோ சாராது. தம் பலகையின் கம்பிவழியை மறைத்து வைத்தவரையே சாரும்.

இன்னுமொரு சிக்கல் பலர் கவனியாதது. செருகும் அட்டைக்கு ஓர் இலக்கம் போதாது. அட்டை செருகப்பட்டது, பிடுங்கப்பட்டது, அதன் மின்கலம் தளர்ந்தது என்பவற்றை அறிவிப்பதற்குப் பாலச்சில்லுக்கே தனியாக ஓர் இலக்கம் வேண்டும். மொடெம் ஒன்று, வலையமைப்பு ஒன்று, பாலச்சில்லு ஒன்று: மூன்று. மேலே எண்ணிய மூன்று வெற்றிடங்களும் தீர்ந்தன. நான்காவதாக எது வந்தாலும் பிணக்கு. அம்மூன்றனுள் ஒன்றுக்குக் கம்பி இல்லையாயின் நான்காவது வருமுன்னரே பிணக்கு.

இது வெறும் பொறியியல் நுணுக்கமென்று தள்ளத்தக்கதன்று. 1990 தொடக்கம் நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து பிரிந்து, மின்கலந்தானும் தடைசெய்யப்பட்ட பண்டமாயிருந்த வன்னியிலே, புதுக்குடியிருப்புப் போன்ற ஓரூரிலே தன் மின்கலத்தில் ஓடும் கணினியின் அருமை விளக்க வேண்டுவதன்று. 2002இன் தொடக்கத்திலே தடை தளர்ந்து ஏ-9 வீதி திறந்தபோது அத்தகைய ஊருக்கு வந்து சேரக்கூடிய மடிக்கணினி, கடல்கடந்து வாழும் உறவினர் ஒருவர் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்ததாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். அதன் உற்பத்தியாளர் விற்ற மென்பொருள் அதனோடு வந்திராது. விளக்கம் கேட்பதற்குரிய அலுவலகம் வேறொரு கண்டத்தில் இருக்கும். ஓர் இலக்கம் பிழைத்தால் நல்ல நிலையிலுள்ள அட்டையொன்று பழுதானதாகக் கருதப்பட்டு எறியப்படும். கம்பிவழியை மறைத்தமையின் விலையை இறுதியிற் கொடுப்பவர், அப்பொறியை முதலில் வாங்கியவரல்லர்.

பெருநிறுவனங்களின் விடை ஒருவாறு அமைந்தது. 1995 ஓகஸ்டில் வெளிவந்த வின்டோஸ் 95, செருகினால் தானே இயங்கும் என்னும் உறுதிமொழியோடு வந்தது. கணினியின் அடிப்படை மென்பொருளாகிய பயோஸ் தரும் பட்டியலையும், பயனர் கையால் ஒதுக்கிய இலக்கங்களையும், அட்டையின் அட்டவணையையும் ஒப்புநோக்கி அது இலக்கம் வகுத்தது. பட்டியல் மெய்யாயின் வேலை மெய்யாக நடந்தது. பொய்யாயின் பொய்யாகவே முடிந்தது. எழுத்திலுள்ளதை நம்புவது அதன் இயல்பு.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமைக்கு இவ்வட்டைகளைப் பழக்கிய டேவிட் ஹைன்ட்ஸ் என்பவர் வேறு வழி கண்டார். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக் கணினியொன்றிலிருந்து அவர் விநியோகித்த பி.சி.எம்.சி.ஐ.ஏ. மென்பொருட்டொகுதி 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் பயன்பட்டது. உற்பத்தியாளரிடமிருந்து கம்பிவழி கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டு, கம்பியையே சாட்சிக்கு அழைத்தார் எனலாம். 82365 வகைப் பாலச்சில்லு, மென்பொருள் வேண்டும்போது தானாகவே ஒரு பொய்க் குறுக்கீட்டை எழுப்பவல்லது. அதனைக் கொண்டு அமைந்த சோதனை பின்வருமாறு: ஓர் இலக்கத்தைக் கேட்கத் தொடங்கிச் செக்கனின் நூறிலொரு பங்கு வாளாவிருத்தல் வேண்டும். அவ்விடைவெளியில் எவரேனும் முறையிட்டால் அவ்விலக்கம் வேறொருவருடையது; விலக்குக. அமைதியாயிருந்தால், அவ்விலக்கத்திலே ஒரேயொரு குறுக்கீட்டை எழுப்பி, செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு காத்திருத்தல் வேண்டும். வந்த முறையீடு சரியாக ஒன்றாயின் கம்பி உண்டு. ஒன்றும் வராவிடின் கம்பி இல்லை. ஒன்றுக்கு மேல் வந்தால் கம்பி நம்பத்தக்கதன்று. பதிவகம் என்ன சொல்கிறது, பயோஸ் என்ன சொல்கிறது என்பன இங்கே கேட்கப்படவேயில்லை. இருபது வரிக்கு மிகாத இச்செய்நிரலை அக்காலப் பொறியியலின் நேர்மையான பக்கங்களுள் ஒன்றாகக் கருதுவது தகும்.

அச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஒலியட்டை இன்னும் விழிக்கவில்லையாயின் அதன் 5ஆம் இலக்கம் சோதனையின்போது அமைதியாகவே இருக்கும். வெறுமையென்று கருதப்பட்டு மொடெமுக்கு வழங்கப்படும். சற்று நேரத்தின் பின் பாட்டொன்றை இசைக்க முயன்றவுடன் இரண்டும் ஊமையாகும். இதற்கு இயந்திர விடை கிடையாது. மனித அறிவே வேண்டும். ஆகவே அத்தொகுதியோடு ஒரு சிறு கோப்பும் வந்தது. முதல் தொடர்வாய்க்காக 4ஐயும் அச்சுப்பொறிவாய்க்காக 7ஐயும் விலக்குக என்னும் வரிகள் அதில் முன்னரே எழுதப்பட்டிருந்தன. தம் பொறியை அறிந்தவர் மேலும் சேர்க்கலாம். பாலச்சில்லுக்கென ஓர் இலக்கமும் மிஞ்சாத பொறிகளுக்காக இன்னொரு வழியும் வைத்தார்: குறுக்கீட்டைக் கைவிட்டு, குறித்த இடைவெளிக்கொருமுறை செருகுவாயைச் சென்று பார்த்தல். அட்டை செருகப்பட்டதை ஒரு செக்கன் பிந்தி அறிவதால் எவருக்கும் நட்டமில்லை. வட்டவிதானையின் பழைய முறைக்கே திரும்பியமைதான் இது; ஆயினும் அருமையான இலக்கமொன்றை மிச்சப்படுத்திய திரும்பல். 2001 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 கருவிலேயே இவ்வட்டைகளுக்கான பகுதி சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே பாட்டையே மாறியது. 1992இல் இன்ரெல் வெளியிட்ட பி.சி.ஐ. பாட்டையிலே குறுக்கீட்டுக் கம்பி நான்கே. ஆயினும் அவை பகிரத்தக்கவை. முறையிடும் கருவி கம்பியைத் தாழ்த்திப் பிடிக்கும். தன் குறை தீரும்வரை விடாது. இருவர் ஒருங்கே தாழ்த்தினாலும் மோதலில்லை. ஒருவரின் குறை தீர்ந்த பின்னும் கம்பி தாழ்ந்தே இருக்குமாதலின் மற்றவரின் முறையீடு தொலைவதுமில்லை. 1995இல் வந்த காட்பஸ் என்னும் 32 துணுக்கு அட்டை இப்பாட்டையின் இயல்பை மடிக்கணினிச் செருகுவாய்க்குக் கொணர்ந்தது. மூன்று இலக்கங்களுக்குப் போட்டியிட்ட காலம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர்.

முடியவில்லை. பி.சி.ஐ. கம்பி நான்கும் இறுதியில் பழைய பதினைந்து இலக்கங்களுள் எவற்றோடு தொடுக்கப்படும் என்பதைத் தாய்ப்பலகையிலுள்ள வழிப்படுத்தியே தீர்மானித்தது. ஒவ்வொரு பி.சி.ஐ. கருவியிலும் ‘என் இலக்கம்’ என்று ஒரு பதிவகம் உண்டு. அது வழிகாட்டும் பலகையன்று, பயோஸ் எழுதி வைத்த குறிப்புச் சீட்டு மாத்திரமே. சீட்டிலுள்ள இலக்கத்தை மாற்றினால் கம்பி மாறிவிடாது. மெய்யான வழியை அறிய மைக்ரோசொப்ற் வகுத்த வழிப்பட்டியலையோ, 1996இன் ஈற்றில் வெளியான ஏ.சி.பி.ஐ. நியமத்தின் பட்டியலையோ வாசிக்க வேண்டும். மடிக்கணினி பலவற்றில் இப்பட்டியல்கள் பிழைபட்டிருந்தன. சிலவற்றில் காட்பஸ் பாலச்சில்லுக்குரிய வரியே இல்லை. அக்கருவியின் முதற் குறுக்கீட்டு ஊசிக்கு இலக்கம் எதுவும் தெரியவில்லை என்று லினக்ஸ் பயனரின் திரையிலே தோன்றிய அறிவித்தல் அக்காலத்தவர் பலருக்கு மனப்பாடம். பாலச்சில்லின் பல்பணி ஊசிகளை எப்பணிக்கு அமைப்பதென்பதும் பயோசின் பொறுப்பாயிருந்தது. அது தவறியபோது, லினக்சின் காட்பஸ் செலுத்தி முன்னைய சோதனையையே மீளக் கையாண்டது: ஒரு குறுக்கீட்டை எழுப்பிப் பார்த்தது, வராவிடின் ஊசியின் அமைப்பைத் தானே மாற்றி மீண்டும் எழுப்பிப் பார்த்தது. காட்பஸ் வாயிலே பழைய 16 துணுக்கு அட்டையைச் செருகினால் இரு காலத்து விதிகளும் ஒரே பொறியில் முட்டிக்கொண்டன. பழைய பத்துக் கம்பிகளின் இடநெருக்கடிக்கு மட்டும் நல்ல தீர்வொன்று கிட்டியது. ஒரே கம்பியில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நேரத்துண்டு ஒதுக்கி எல்லா முறையீடுகளையும் வரிசையாக அனுப்பும் தொடர்க்குறுக்கீட்டு முறை 1995இல் வகுக்கப்பட்டது. இழுக்காமல் விட்ட கம்பி என்னும் குற்றம் அதனோடு பெரும்பாலும் ஒழிந்தது.

பகிர்வு தன்னளவில் ஒரு நல்லொழுக்கத்தை எதிர்பார்ப்பது. கம்பி தாழ்ந்தவுடன் அதனைப் பகிரும் ஒவ்வொரு கருவியின் செலுத்தியும் அழைக்கப்படும். ‘என்னுடையதன்று’ என்றோ ‘என்னுடையது, தீர்த்துவிட்டேன்’ என்றோ அது மெய் கூற வேண்டும். ஏ.சி.பி.ஐ. உள்ள கணினிகளில் வின்டோஸ் 2000 ஏறக்குறைய எல்லா பி.சி.ஐ. கருவிகளையும் ஒரே இலக்கத்திற் குவித்தபோது பயனர் பலர் திகைத்தனர். கோட்பாட்டளவில் அதிற் குற்றமில்லை. குற்றம் வந்தது செலுத்திகளிலிருந்து. எவரும் உரிமை கோராத முறையீடு ஓயாமல் எழுந்தால் முறைவழியாக்கி வேறெதையும் செய்ய இயலாது நின்றுவிடும். லினக்ஸ் கரு இதற்கொரு தண்டம் வைத்தது: ஒரு கம்பியில் வந்த 1,00,000 குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் எவராலும் ஏற்கப்படாதவையாயின் அக்கம்பியை முற்றாக அடைத்துவிடும். ‘எவரும் பொருட்படுத்தவில்லை’ என்ற பொருள்பட ஓர் அறிவித்தலும் எழுதும். கம்பி அடைபட்டால் அதனைப் பகிர்ந்த குற்றமற்ற கருவிகளும் ஊமையாகும். ஆயினும் பொறி உயிரோடிருக்கும்.

செருகும் அட்டைக்கே உரிய ஆபத்தொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அட்டையை ஒருவர் முன்னறிவிப்பின்றிப் பிடுங்கும் கணத்தில் அதன் செலுத்தி ஒரு முறையீட்டை விசாரித்துக்கொண்டிருக்கலாம். இல்லாத அட்டையின் பதிவகத்தை வாசித்தால் எல்லாத் துணுக்குகளும் 1 ஆகவே வரும். ‘வேலை இன்னும் உண்டா’ என்ற துணுக்கும் 1. ‘உண்டு’ என்பதே விடை. செலுத்தி மீண்டும் வாசிக்கும்; மீண்டும் அதே விடை. முடிவில்லாச் சுழல். எல்லாம் ஒன்றாயிருந்தால் அட்டை போய்விட்டதென்று கொள்க என்னும் ஒரு வரியை எழுத மறந்த செலுத்திகள் எத்தனையோ மடிக்கணினிகளை உறையச் செய்தன. பழைய 8259இலும் இதற்கொப்பான ஒன்றுண்டு: கம்பி எழுந்து, முறைவழியாக்கி ‘யார்’ என்று கேட்பதற்குள் தாழ்ந்துவிட்டால், சில்லு வேறு வழியின்றி 7 என்று விடை கூறும். அச்சுப்பொறியே இல்லாத கணினியில் அச்சுப்பொறியின் இலக்கத்தில் முறையீடு வந்தது எவ்வாறென்று வியந்தவர் பலர்.

கம்பிகளையே ஒழிப்பதுதான் முடிவான தீர்வாயிற்று. 1998இன் பி.சி.ஐ. 2.2 நியமம் செய்திக் குறுக்கீடு என்பதைப் புகுத்தியது. கருவி எக்கம்பியையும் தொடுவதில்லை; குறித்தவொரு முகவரியிலே குறித்தவோர் எண்ணை எழுதுகிறது. அவ்வெண்ணே அதன் பெயர். ஒரு கருவிக்கு 32 வரை செய்திகள் உண்டு. பின்வந்த விரிவில் 2048 வரை. 2002இல் வகுக்கப்பட்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரசிலே குறுக்கீட்டுக் கம்பி என்பதே இல்லை. பழைய செலுத்திகளுக்காகக் ‘கம்பி தாழ்ந்தது’, ‘கம்பி உயர்ந்தது’ என்பனவும் செய்திகளாகவே அனுப்பப்பட்டன. அதனைப் பின்பற்றி 2003இல் வந்த எக்ஸ்பிரஸ்காட் என்னும் மடிக்கணினி அட்டையில், பதினைந்து இலக்கங்களைப் பற்றிய பேச்சு எழவேண்டிய தேவையே இருக்கவில்லை.

இலக்கப் பஞ்சம் தீர்ந்த இடத்தில் நம்பிக்கைப் பிரச்சினை தோன்றியது. கம்பி இருந்த காலத்தில் ஓர் அட்டை தன் ஊசியை மட்டுமே அசைக்க இயலும். செய்தியோ எவரும் எழுதத்தக்கது. தீயநோக்குடைய அட்டை பிறரின் பெயரால் முறையிடலாம். 2011இல் தண்டர்போல்ற் வாய் வந்து, வெளியே தொங்கும் பெட்டியொன்று கணினியின் உட்பாட்டையையே தொடலாயிற்று. அதே ஆண்டில் ரஃபல் வொய்ட்சுக், ஜொஆனா ருட்கோவ்ஸ்கா ஆகிய போலந்து ஆய்வாளர் இருவர், கருவிகளைச் சிறைப்படுத்துதற்கென இன்ரெல் அமைத்த வேலியை இத்தகைய போலிச் செய்திகளால் தாண்டலாமென எடுத்துக்காட்டினர். மறுமருந்து குறுக்கீட்டு மறுவழிப்படுத்தல் எனப்பட்டது: கருவி எழுதும் எண் நேரே முறைவழியாக்கிக்குச் செல்வதில்லை, நினைவகத்திலே பணிசெயல் முறைமை வைத்திருக்கும் பட்டியலொன்றின் வரியை மட்டுமே அது சுட்டும். எழுதிய கருவி அவ்வரிக்கு உரியதுதானா என்று வன்பொருள் ஒப்புநோக்கிய பின்னரே முறையீடு ஏற்கப்படும். அப்பட்டியலை நிரப்புவது பயோசன்று, பணிசெயல் முறைமையே.